டிவி விவாதக் கூச்சலால் மக்கள் அரசியலை விட்டு விலகுகிறார்களா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் அப்பா தினமும் ராத்திரி டிவி விவாதம் பார்க்கிறார், நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், கேட்டுக் கேட்டு அரசியல் என்றாலே வெறுத்துவிட்டது, ஓட்டுப் போடக்கூடத் தோன்றவில்லை. இது எனக்கு மட்டும்தானா, எல்லோருக்கும் இப்படித்தானா, யாராவது இதை ஆராய்ந்திருக்கிறார்களா?

உங்களுக்கு மட்டும் இல்லை. ஆராய்ச்சியும் முப்பது வருடமாக நடக்கிறது, பெரும்பாலும் அமெரிக்காவில். நான் இதழியல் படித்துவிட்டு 6 வருடம் ஒரு தமிழ்ச் செய்தி சேனலில் விவாத நிகழ்ச்சிக்கு விருந்தினர்களை ஏற்பாடு செய்யும் வேலையில் இருந்தவன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். பதிலை முதலிலேயே சொல்கிறேன். கூச்சலால் ஓட்டு பெரிதாகக் குறைவதில்லை. அரசியல்வாதிகள் மேலும் சட்டமன்றம், நாடாளுமன்றம் மேலும் உள்ள நம்பிக்கை குறைகிறது. அதோடு, யார் வாயைத் திறக்கிறார்கள், யார் மூடிக்கொள்கிறார்கள் என்பது மாறிப்போகிறது. எனக்கு உறுத்துவது இந்தக் கடைசி விஷயம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். மதியம் 3 மணி வாக்கில் அன்றைய தலைப்பு முடிவாகும். அப்புறம் போனை எடுத்து உட்கார வேண்டியதுதான். கட்சிகளின் செய்தித் தொடர்பாளர்கள் இரண்டு மூன்று பேர், ஒரு மூத்த பத்திரிகையாளர், இடம் இருந்தால் விஷயம் தெரிந்த ஒருவர். எங்கள் டெஸ்கில் "இவர் நல்லா பேசுவார்" என்றால் அதற்கு அர்த்தம் விஷயத்தைத் தெளிவாகச் சொல்வார் என்பதல்ல, எதிரில் இருப்பவரை விடமாட்டார் என்பதுதான். அப்படிப்பட்டவர்களின் எண்கள் என் போனில் மேலே இருக்கும்.

ஒருநாள் ஏரிகளின் வரத்துக் கால்வாய் ஆக்கிரமிப்பு பற்றிய விவாதம். பொதுப்பணித் துறையில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை நான்தான் அழைத்துவந்தேன். வயதானவர், கையில் கோடு போட்ட நோட்டுப் புத்தகம், அதில் தன் கையால் வரைந்த கால்வாய் வரைபடங்கள், எந்த மதகு எப்போது அடைபட்டது என்ற குறிப்புகள். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் அவர் பேசியது எல்லாம் சேர்த்து நாலு நிமிடம் இருக்கும். அவர் ஒரு மதகைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது இரண்டு கட்சிக்காரர்கள் "உங்க ஆட்சியிலதான்", "உன் ஆட்சியிலதான்" என்று ஆரம்பித்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் தயாரிப்பாளர் மைக்கில் சொன்னது எனக்குக் கேட்டது: "அவரை விடு, இவங்க ரெண்டு பேரையும் பெரிசாக்கு." திரையில் பொறியாளரின் கட்டம் போய்விட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் அந்த இரண்டு பேரும் ஒன்றாக நின்று டீ குடித்தார்கள். பெரியவர் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். அடுத்த மாதம் மழைக்கு ஊர் மூழ்கியபோது மறுபடி கூப்பிட்டேன். "தம்பி, என்னை விட்ருங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எந்தச் சேனலிலும் வந்து நான் பார்க்கவில்லை.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். அதற்கு முன்னால் அநாகரிகம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை வைத்துக்கொள்ள வேண்டும். கோபமாகப் பேசுவது அநாகரிகம் இல்லை. குரலை உயர்த்துவது மட்டுமே அநாகரிகம் ஆகிவிடாது. ஆராய்ச்சியாளர்களில் ஒரு சாரார் இரண்டு விஷயங்களைப் பிரித்தே பார்க்கிறார்கள்: பேச்சில் மரியாதை குறைவது ஒன்று, எதிரில் இருப்பவருக்குப் பேசும் உரிமையே இல்லை, மனிதராகவே மதிக்கத் தேவையில்லை என்று நடத்துவது இன்னொன்று. ஜனநாயகத்துக்கு ஆபத்து இரண்டாவதில்தான் என்பது 2004-இல் ஸிஸி பாபாகரிஸ்ஸி என்ற ஆய்வாளர் வைத்த வாதம். நம் ஊருக்கு இந்தப் பிரிப்பு ரொம்ப அவசியம். ஏனென்றால் இங்கே "மரியாதையாகப் பேசு" என்பதே யார் யாரிடம் சொன்னது என்று பார்த்தால், மேலே இருந்தவன் கீழே வைக்கப்பட்டவனிடம் சொன்னதுதான் அதிகம். பத்து வயதுப் பையன் அறுபது வயதுப் பெரியவரை ஒருமையில் கூப்பிட்டு வேலை ஏவியதும், அந்தப் பெரியவர் பதிலுக்கு "அய்யா" என்றதும் இந்த மண்ணில் நடந்ததுதான், சில இடங்களில் இன்னும் நடப்பதுதான். 1925-இல் ஆரம்பித்த இயக்கத்துக்குச் சுயமரியாதை என்று பெயர் வைத்ததில் காரணம் இருக்கிறது. அதனால் அடக்கப்பட்டவர்கள் கோபத்தோடு பேசும்போது அதை அநாகரிகம் என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் நம் மொழியில் அவமதிப்பதற்கு கெட்ட வார்த்தையே தேவையில்லை, "நீங்க" என்பது "நீ" ஆனால் போதும். விவாதத்தில் "அவர்" என்று ஆரம்பித்தவர் பத்தாவது நிமிடத்தில் "அவன்" என்கிறார், பார்க்கிற எல்லோருக்கும் ஒரு கோடு தாண்டப்பட்டது புரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இதை அளக்க வழியே கிடையாது.

இப்போது பரிசோதனை. அமெரிக்காவில் டயானா மட்ஸ், பைரன் ரீவ்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஒரு காரியம் செய்தார்கள். உண்மையான டிவி நிகழ்ச்சிகளை ஒப்பிட்டால் தலைப்பு வேறு, ஆட்கள் வேறு, எதனால் எது என்று பிரிக்க முடியாது. அதனால் ஒரு ஸ்டுடியோவில் தாங்களே ஒரு விவாத நிகழ்ச்சியை எடுத்தார்கள். இரண்டு நடிகர்கள், நாடாளுமன்றத் தேர்தல் வேட்பாளர்களாக. இரண்டு தடவை பதிவுசெய்தார்கள். வாதங்கள் இரண்டிலும் ஒன்றேதான். ஒன்றில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறார். இன்னொன்றில் குறுக்கே பேசுகிறார், கண்ணை உருட்டுகிறார், பெருமூச்சு விடுகிறார், குரலை உயர்த்துகிறார். பார்த்தவர்களின் விரல்களில் கருவி பொருத்தித் தோலில் ஏற்படும் மாற்றத்தையும் அளந்தார்கள், அதாவது உடம்பு எவ்வளவு பரபரப்படைகிறது என்று. 2005-இல் முடிவுகள் வெளியாயின. அநாகரிகமான பதிப்பைப் பார்த்தவர்களுக்கு அரசியல்வாதிகள் மேலும், நாடாளுமன்றம் மேலும், மொத்த அரசியல் அமைப்பின் மேலும் நம்பிக்கை குறைந்திருந்தது. அதே சமயம் அந்தப் பதிப்புதான் சுவாரசியமாக இருந்ததாகச் சொன்னார்கள். உடம்பும் அதைத்தான் சொன்னது.

உங்கள் அப்பா ஏன் திட்டிக்கொண்டே தினமும் பார்க்கிறார் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டால் ஜன்னலைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்து முடித்தபின் அந்த இரண்டு பேர் மேலும் மதிப்பு குறைந்துதான் இருக்கும், ஆனாலும் அடுத்த சண்டைக்கும் ஜன்னல் திறக்கும்.

2007-இல் மட்ஸ் இன்னொரு கட்டுரை எழுதினார், எனக்கு அதுதான் இன்னும் முக்கியம். முகத்தை ரொம்ப அருகில் காட்டும் கேமரா கோணத்தையும் அநாகரிகத்தையும் சேர்த்துப் பார்த்தார். நமக்குப் பிடிக்காதவர் அநாகரிகமாகப் பேசும்போது அவர் முகம் திரை முழுக்க வந்தால், அவருடைய வாதங்கள் நினைவில் நன்றாகவே நிற்கின்றன, ஆனால் அந்தப் பக்கத்துக்கும் ஒரு நியாயம் இருக்கும் என்ற எண்ணம் குறைகிறது. பிடிக்காத ஒருவர் நம் முகத்துக்கு நேரே ஒரு முழம் தூரத்தில் நின்று கத்துவது மாதிரி உடம்பு அதை எடுத்துக்கொள்கிறது. நிஜ வாழ்க்கையில் அப்படி ஒருவர் நெருங்கினால் பின்னால் நகர்ந்துவிடுவோம். டிவியில் நகர முடியாது, அவர் நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறார்.

"அந்தக் காலத்து மேடையில் இல்லாத வசவா" என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெற்றிகொண்டான், தீப்பொறி ஆறுமுகம் மாதிரிப் பேச்சாளர்களின் பேச்சைக் கேட்க ராத்திரி 11 மணிக்கும் கூட்டம் கலையாமல் இருந்தது உண்மைதான். நையாண்டியும் கொச்சையும் கலந்து எதிர்க்கட்சித் தலைவர்களை வறுத்தெடுப்பார்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் விரும்பி நடந்துபோனீர்கள். மேடைக்கும் உங்களுக்கும் நடுவே நூறடி தூரம் இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் தெரிந்தவர்கள். மறுநாள் அதே மைதானத்தில் மற்ற கட்சியின் கூட்டம் நடந்தது, அதற்கும் போய் நின்று கேட்டவர்கள் நிறையப் பேர். அப்புறம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சாளர்கள் மைக்கைப் பிடிக்கும் நேரத்துக்குப் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். கொச்சைப் பேச்சு அப்போதும் ஒரு கூட்டத்தை வெளியே அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. நமக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் மிச்சம் இருந்தவர்களின் கைதட்டல்தான் காதில் விழுந்தது.

சரி, ஓட்டு. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்டீர்கள். 1994-இல் அன்சோலபெஹ்ர், அய்யங்கார் ஆகியோரின் ஆய்வு ஒன்று அமெரிக்காவில் பெரிய சலசலப்பை உண்டாக்கியது. எதிராளியைத் தாக்கும் தேர்தல் விளம்பரங்கள் ஓட்டுப் போடும் எண்ணத்தை சுமார் 5 சதவீதப் புள்ளி குறைக்கின்றன என்றார்கள். கொஞ்ச காலம் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பின் வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. 2007-இல் 111 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, தாக்குதல் பிரசாரம் மக்களை வாக்குச்சாவடியிலிருந்து விரட்டுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அரசு மேலுள்ள நம்பிக்கையும், நம்மால் ஏதாவது செய்ய முடியும் என்ற எண்ணமும் கொஞ்சம் சரிவது மட்டும் தெரிந்தது. 2022-இல் அநாகரிகத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் தொகுத்தபோதும் ஏறக்குறைய இதே முடிவுதான்: நம்பிக்கையில் சிறிய சரிவு, பங்கேற்பில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை.

அமெரிக்க எண்களைப் பார்த்தாலும் புரியும். அங்கே 2014 இடைக்காலத் தேர்தலில், அதாவது இரண்டு அதிபர் தேர்தல்களுக்கு நடுவே வரும் நாடாளுமன்றத் தேர்தலில், ஓட்டுப் போட்டவர்கள் 37 சதவீதத்துக்கும் கீழே. அதன்பிறகு அரசியல் பேச்சு எவ்வளவு கெட்டுப்போனது என்று உலகமே பார்த்தது. ஆனால் 2018 இடைக்காலத் தேர்தலில் சுமார் 50 சதவீதம், நூறு வருடத்தில் காணாத அளவு. 2020 செப்டம்பர் 29 அன்று கிளீவ்லாந்தில் டிரம்புக்கும் பைடனுக்கும் நடந்த முதல் விவாதம் நினைவிருக்கும், ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடிக்கவிடவில்லை, பைடன் ஒரு கட்டத்தில் வாயை மூடச் சொல்லிவிட்டார். 7 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பார்த்தார்கள். நவம்பரில் தகுதியுள்ளவர்களில் சுமார் 66 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள், 1900-க்குப் பிறகு அதுதான் அதிகம். கோபம் மனிதனை வீட்டை விட்டு வெளியே கொண்டுவருகிறது. சலிப்புதான் உட்காரவைக்கிறது. கோபப்பட்டவன் வரிசையில் நிற்பான்.

இங்கே சிலர் தமிழ்நாட்டு வாக்குப்பதிவைக் காட்டி "பார்த்தீர்களா, டிவி கூச்சலால்தான் குறைகிறது" என்பார்கள். 2011 சட்டமன்றத் தேர்தலில் 78 சதவீதம், 2021-இல் 73-ஐ ஒட்டி, 2024 மக்களவைத் தேர்தலில் 70-க்குச் சற்றுக் கீழே. குறைந்திருக்கிறது, சரி. ஆனால் சட்டமன்றத் தேர்தலையும் மக்களவைத் தேர்தலையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது, வாக்காளர் பட்டியலில் இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் ஓட்டு வைத்திருப்பவர்கள், ஏப்ரல் வெயில் என்று எத்தனையோ இருக்கிறது. இதையெல்லாம் தாண்டி விவாத நிகழ்ச்சியின் தலையில் பழியைப் போட என்னால் முடியாது.

அப்படியானால் பிரச்சினை இல்லையா? இருக்கிறது, ஓட்டு எண்ணிக்கையில் அது தெரியாது. என் அம்மாவைச் சொல்கிறேன். டெல்டா பக்கம், சின்ன ஊர். ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை, காலையில் 7 மணிக்கு வரிசையில் முதல் பத்து பேரில் நிற்பார். வானொலியில் செய்தி கேட்ட காலத்தில் அடுப்படியிலிருந்தே ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கருத்துச் சொல்வார், அப்பாவோடு வாதம் பண்ணுவார், பல நேரம் அப்பா தோற்றுப்போவார். இப்போது ராத்திரி விவாதம் ஆரம்பித்ததும் எழுந்து உள்ளே போய்விடுகிறார். கேட்டால், "அவனுங்க கத்தறதுல நான் என்னத்த சொல்றது" என்கிறார். ஓட்டு அப்படியே இருக்கிறது, வாதம் போய்விட்டது. புள்ளிவிவரத்தில் என் அம்மா முழுமையாகப் பங்கேற்கும் குடிமகள். 2019 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் பெண்களின் வாக்கு விகிதம் முதல்முறையாக ஆண்களைத் தாண்டியது, அந்தக் கணக்கில் அவரும் உண்டு.

இணையத்துக்கு வந்தால் இது இன்னும் கடுமை. 2019 தேர்தலை ஒட்டி மார்ச் முதல் மே வரை, இந்தியாவில் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்டு வந்த ட்விட்டர் பதிவுகளை ஆம்னஸ்டி அமைப்பு ஆராய்ந்தது. ஏழில் ஒன்று வசவாகவோ பிரச்சினைக்குரியதாகவோ இருந்தது. தமிழ்நாட்டில் 2016 முதல் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்குச் சட்டப்படி இருக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஊராட்சித் தலைவராக இருந்து தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறார்கள், டெண்டர் பார்த்திருக்கிறார்கள், ஆட்சியர் அலுவலகத்தில் நின்று வாதாடியிருக்கிறார்கள். ஆனால் விவாத மேசைக்கு ஒரு பெண்ணை வரவழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "நேத்து நான் பேசினதுக்குக் கீழே என்ன எழுதியிருக்காங்கன்னு பார்த்தீங்களா, என் பொண்ணு படிச்சிட்டா" என்று ஒருவர் சொன்னார். அதற்கு மேல் அவரை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

சாதாரண ஆட்களுக்கும் இதேதான். உங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முகநூலில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். மூன்றாவது கமெண்டில் நீங்கள் உபி, சங்கி, தற்குறி என்று கட்சி ஆட்களைத் திட்டும் பட்டங்களில் ஏதோ ஒன்றாக ஆகியிருப்பீர்கள். தண்ணீர் வந்ததா வரவில்லையா என்று ஒருவரும் கேட்கமாட்டார். பேசுவதற்கு முன்பே நெற்றியில் முத்திரை குத்தப்பட்டால், அடுத்த தடவை எழுதவே தோன்றாது. முத்திரையைப் பற்றிக் கவலையே இல்லாதவர்கள் மட்டும் தொடர்ந்து எழுதுகிறார்கள். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு மொத்த ஊரும் இப்படித்தான் யோசிக்கிறது என்று தோன்றிவிடுகிறது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். வெள்ளித் துகள் நானோ தொழில்நுட்பம் பற்றிய ஒரே கட்டுரையை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். சிலருக்குக் கீழே நாகரிகமான கருத்துகள், சிலருக்கு வசவுகள். வசவைப் படித்தவர்களில், ஏற்கெனவே அந்தத் தொழில்நுட்பத்தை ஆதரித்தவர்களுக்கு அதில் ஆபத்து குறைவாகத் தெரிந்தது, சந்தேகப்பட்டவர்களுக்கு ஆபத்து அதிகமாகத் தெரிந்தது, இடைவெளி பெரிதானது. கட்டுரையில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. கட்சியே இல்லாத ஒரு விஷயத்தில், வேறு யாரோ இரண்டு பேர் திட்டிக்கொண்டதைப் படித்ததற்கே இந்த நிலை. 2013-இல் அமெரிக்காவின் பழைய அறிவியல் இதழ் ஒன்று இந்த ஆய்வைச் சுட்டிக்காட்டித் தன் தளத்தில் கருத்துப் பகுதியையே மூடிவிட்டது.

நான் முதலில் எதிர்பார்க்காத ஒன்றும் உண்டு. நம் பக்கத்து ஆள் அநாகரிகமாகப் பேசினால் நமக்கு என்ன ஆகும்? டிரக்மேன் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தன் கட்சிச் சார்புள்ள சேனலே அநாகரிகமாகப் பேசும்போது பார்ப்பவருக்குத் தன் கட்சி மேல் உள்ள ஒட்டுதல் கொஞ்சம் தளர்கிறது. எதிர்ப்பக்கத்துச் சேனல் பேசினால் இறுகுகிறது. நான் பார்த்த வரைக்கும் இது இங்கேயும் உண்மை. ஒரு கட்சியின் தீவிர விசுவாசியான என் மாமா, தன் கட்சிக்காரர் ஒரு பெண் பத்திரிகையாளரை நேரலையில் ஒருமையில் பேசியதைப் பார்த்துவிட்டு ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றினார். ஒரு வார்த்தை பேசவில்லை. கட்சி மாறவில்லை, ஓட்டும் மாறியிருக்காது. ஆனால் அந்த வாரம் டீக்கடையில் கட்சிக்காக வாதாடப் போகவில்லை.

அப்படியென்றால் அரசியல்வாதிகளுக்கே இது நஷ்டம்தானே, ஏன் விடுவதில்லை? அநாகரிகமாகப் பேசும் தலைவரின் மதிப்பு அவருடைய ஆதரவாளர்களிடமே குறைகிறது என்று ஜெரமி ஃபிரைமர், லிண்டா ஸ்கிட்கா இருவரின் 2018 ஆய்வு காட்டியது. ஆனால் அதே ஃபிரைமரின் குழு 2009 முதல் 2019 வரை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் போட்ட 13 லட்சம் ட்விட்டர் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது அநாகரிகம் 23 சதவீதம் கூடியிருந்தது. காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது, அநாகரிகமான பதிவுகளுக்குத்தான் லைக்கும் பகிர்வும் அதிகம் கிடைத்தன. மதிப்பு குறைவது மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. லைக் அடுத்த நிமிடமே கைபேசியில் தெரிகிறது. மனிதன் எதற்கு ஆசைப்படுவான்?

சேனலிலும் இதுதான் கணக்கு. விவாத நிகழ்ச்சி மாதிரி மலிவான நிகழ்ச்சி வேறு இல்லை. ஊருக்குச் செய்தியாளரையும் கேமராமேனையும் அனுப்பி, இரண்டு நாள் தங்கவைத்து ஒரு செய்தித் தொகுப்பு எடுப்பதற்கு ஆகும் செலவில் ஒரு வாரம் விவாதம் ஓட்டலாம். நிகழ்ச்சி முடிந்த அரை மணி நேரத்தில் அதிலிருந்து சண்டைத் துண்டுகளை வெட்டி யூடியூபில் போடுவோம். தம்ப்நெயிலில் எழுதுவதற்கென்றே ஒரு சொல்வரிசை உண்டு: கதறவிட்டார், தெறிக்கவிட்டார், வெளுத்து வாங்கினார், வாயடைத்துப்போனார். நானே எழுதியிருக்கிறேன். பொறியாளரின் நாலு நிமிடத்துக்கு இதில் எந்தச் சொல்லும் பொருந்தவில்லை, அதனால் அது வெட்டப்படவே இல்லை, இணையத்தில் தேடினாலும் கிடைக்காது. அந்தத் தம்ப்நெயில்களை எழுதியதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

மாற்ற முடியாதது ஒன்றும் இல்லை. 2020-இல் டிரம்ப், பைடன் முதல் விவாதம் நாறிப்போன பிறகு, அக்டோபர் 22 விவாதத்தில் ஒருவர் தனது 2 நிமிட முதல் பதிலைச் சொல்லும்போது மற்றவரின் மைக்கை அணைத்துவைத்தார்கள். அதே இரண்டு பேர்தான், ஆனால் இந்தத் தடவை என்ன சொல்கிறார்கள் என்று காதில் விழுந்தது. பார்த்தவர்கள் எண்ணிக்கை குறைந்தது, 7 கோடியே 30 லட்சத்திலிருந்து 6 கோடியே 30 லட்சம். இந்த ஒரு கோடியைத்தான் ஒவ்வொரு சேனல் முதலாளியும் பயத்தோடு பார்க்கிறார். நம் உச்ச நீதிமன்றமும் 2022 செப்டம்பரில் வெறுப்புப் பேச்சு வழக்கில், நெறியாளரின் பொறுப்பு பெரியது, விருந்தினர் எல்லை மீறினால் தடுக்க வேண்டியது அவர் கடமை என்று சொன்னது. சொன்னது சரிதான். ஆனால் மைக்கை அணைக்கும் பொத்தான் நெறியாளர் கையில் இல்லை, கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் மறுநாள் கேட்கப்படும் கேள்வி எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது மட்டும்தான்.

ஓட்டுப் போடத் தோன்றவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து போடுங்கள். கூச்சல் பிடிக்காதவர்கள் விலகினால் கூச்சல் பிடித்தவர்களின் எண்ணிக்கைதான் மேலே நிற்கும், கட்சிகளும் அவர்களுக்காகத்தான் ஆள் தேர்ந்தெடுப்பார்கள். டிவிக்கு வெளியேயும் அரசியல் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு 6 கிராம சபைக் கூட்டம், நகரங்களில் 2022 முதல் பகுதி சபை. அங்கேயும் சண்டை நடக்கும். போன வருடம் ஆகஸ்ட் 15 அன்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு அக்கா, தெருவிளக்கு மூன்று மாதமாக எரியவில்லை என்று தொண்டை கிழியக் கத்தினார். தலைவரும் பதிலுக்குக் கத்தினார். ஆனால் பேச்சு முழுக்கத் தெருவிளக்கைப் பற்றித்தான், அக்காவின் கட்சியைப் பற்றி இல்லை, தலைவரின் வீட்டுப் பெண்களைப் பற்றி இல்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள், அக்கா கையெழுத்துப் போட்டார். மறுநாள் ரேஷன் கடையில் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத்தான் ஆக வேண்டும், அது இருவருக்கும் தெரியும்.

அப்பாவிடம் விவாதம் பார்க்காதீர்கள் என்று சொல்லி உங்கள் வீட்டில் இன்னொரு விவாதத்தை ஆரம்பிக்க வேண்டாம். வேறு ஒரு நேரத்தில், வேறு மாதிரி அவரோடு அரசியல் பேச இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் அம்மாவோடு அதைத்தான் செய்கிறேன். அவருக்கு இப்போது பொடி எழுத்து தெரிவதில்லை, ஊருக்குப் போகும்போது காலையில் நான் பேப்பரை வாய்விட்டுப் படிப்பேன். போன தடவை கர்நாடகத்தின் மேகதாது அணைத் திட்டம் பற்றி ஒரு பெரிய செய்தி. நம் பக்கத்து எதிர்ப்பை மட்டும் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தேன். "இரு, அவங்க என்ன சொல்றாங்கன்னும் படி" என்றார். பெங்களூருக்குக் குடிநீர் வேண்டும் என்கிறார்கள் என்று படித்தேன். கீரையை ஆய்ந்துகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுவும் சரிதான், அங்கேயும் மனுசங்க குடிக்கணும்ல" என்றார். அப்புறம், "ஆனா ஜூன் பன்னெண்டுக்கு மேட்டூர் தொறக்கலன்னா நம்ம குறுவை என்னாகும், அதுக்கு என்ன பதில் போட்டிருக்கான்னு பாரு" என்றார். நான் மறுபடி முதல் பத்தியிலிருந்து தேட ஆரம்பித்தேன்.